கோபத்தில் கட்டிய வீடு

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு எதிரே ஒரு பொதுக்குழாய் உண்டு. காலையில் அதில் தண்ணீர் வந்தால் கூடவே சண்டையும் வரும். ஒருத்தி கன்னடத்தில் ஆரம்பிப்பாள். இன்னொருத்தி தெலுங்கில் பதில் கொடுப்பாள். சேலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா இரண்டு பேரையும் சேர்த்துத் தமிழில் திட்டுவாள். குடங்கள் உருளும். வந்த புதிதில், இன்றைக்கு யாராவது ஒருவர் மண்டை உடையப்போகிறது என்று நான் பல் விளக்குவதை நிறுத்திவிட்டு வாசலில் நிற்பேன். தண்ணீர் நின்றதும் சண்டையும் நின்றுவிடும். வெயில் ஏறும்போது பார்த்தால், கன்னடத்தில் திட்டியவள் தெலுங்கில் திட்டியவளின் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருப்பாள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடிக்கவில்லை. என்ன ஜனங்கள் இவர்கள், ரோஷமே கிடையாதா என்று நினைத்தேன். எங்கள் ஊரில் ஒரு சண்டை வந்தால் அது சண்டையாக இருக்கும். பேச்சு நின்றால் நின்றதுதான். கல்யாணத்துக்குப் போகமாட்டார்கள், சாவுக்குப் போகமாட்டார்கள். எதற்காகச் சண்டை வந்தது என்பது மறந்துபோன பிறகும் பேரப்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதைத்தான் மானமுள்ள வாழ்க்கை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

விளாத்திகுளத்திலிருந்து உள்ளே போகிற ஒரு கரிசல்காட்டு ஊர் எனக்கு. எண்பதுகளின் தொடக்கத்தில் ஓசூருக்கு வந்தேன். அப்போதுதான் தொழிற்பேட்டையில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டிருந்தார்கள். வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், இரும்பைச் சூடாக்கிக் குளிர்விக்கிற பகுதியில் ஹெல்பராகச் சேர்ந்தேன். வேலை பார்க்கும்போது உலைக்கு எதிரே வெந்துபோவேன். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் குளிர் எலும்பில் ஏறும். சித்திரை மாதத்தில் விடியற்காலை போர்வை தேடுகிற ஊரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதுகூட இல்லை. எங்கள் பக்கத்தில் அந்த மாதம் சட்டையைப் போட்டால் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். இங்கே பஸ்ஸில் கண்டக்டர் ஆளைப் பார்த்து மொழியை மாற்றுவான். என்னைப் பார்த்தால் தமிழ், எனக்கு அடுத்தவருக்குத் தெலுங்கு, பெங்களூர் போகிறவருக்குக் கன்னடம். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வரவே இல்லை. எல்லோரிடமும் விளாத்திகுளத்துத் தமிழிலேயே கத்தினேன். அவர்களும் புரிந்துகொண்டு, அல்லது புரியாமலே, தலையாட்டினார்கள்.

லைன் வீடு என்றால் ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வீடுகள். ஒரு அறை, அதன் பின்னால் ஆள் திரும்ப முடியாத ஒரு அடுப்படி, எல்லோருக்கும் பொதுவாகக் கடைசியில் கக்கூஸ். மேலே சிமெண்ட் ஷீட். மார்கழி மாதத்தில் எங்கள் மூச்சுக்காற்றே அந்த ஷீட்டின் அடியில் போய்ப் படிந்து, விடியும்போது சொட்டுச் சொட்டாக எங்கள் மேலேயே விழும். மழையே பெய்யாமல் வீடு ஒழுகுவதை நான் அங்கேதான் பார்த்தேன். என் மகள் மீனாவுக்கு அந்த ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை. இழுப்பு வந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க அவள் நெஞ்சு பூனை மாதிரி சத்தம் போடும். என் மனைவி பாக்கியம் உரச்சாக்கைப் பிரித்துத் தைத்து, குழந்தை படுக்கிற இடத்துக்கு மேலே நாலு மூலையிலும் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வீட்டுக்குள்ளே ஒரு கூரை. விருந்தாளி யாராவது வந்து அது என்ன என்று கேட்டால் நான் பேச்சை மாற்றுவேன்.

இதே காலத்தில் ஊரில் எனக்கு ஒரு வீடு இருந்தது. காங்கிரீட் வீடு. மூன்று அறை, கூடம், தேக்குக் கதவு, பச்சை நிறக் கிரில். அதில் யாரும் குடியிருக்கவில்லை.

அது எதற்காகக் கட்டப்பட்டது என்று சொல்கிறேன். என் அக்காளைப் பெண் பார்க்கக் கயத்தாறு பக்கத்திலிருந்து ஆட்கள் வந்த அன்றைக்கு அடைமழை. எங்கள் வீடு மண்சுவர், மேலே பனையோலை. நாலு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. எதிர்வீடு என் சித்தப்பா வீடு, அப்பாவின் சொந்தத் தம்பி. அப்போதே அவர் காரைவீடு கட்டிவிட்டார். வந்தவர்களைக் கொஞ்ச நேரம் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன் என்று அப்பா குடையோடு போய்க் கேட்டார். சித்தப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். வந்த ஆட்கள் தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, “பொண்ணு பாக்க வந்தவங்கள உக்கார வைக்க ஒரு கூரை இல்லாதவனுக்கு மாப்பிள்ள என்னத்துக்கு?” என்று சொன்னார். அப்பா குடையோடு திரும்பினார். வந்தவர்கள் எங்கள் ஒழுகுகிற வீட்டில், ஈரமில்லாத மூலையில் நெருக்கியடித்து உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். அந்தச் சம்பந்தமே கைகூடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா, எங்க வீடும் இப்படித்தான் ஒழுகும் என்று சிரித்துவிட்டுப் போனார். அக்காள் இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். ஆனால் அப்பா அதற்குப் பிறகு தெருவின் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. அதே மண்சுவருக்குள்ளேயே செத்துப்போனார். நான் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு ஓசூருக்கு பஸ் ஏறினேன்.

போனஸ் வந்தால் ஊருக்கு. ஓவர்டைம் பார்த்தால் ஊருக்கு. பண்டிகைக்குப் பாக்கியத்துக்குச் சேலை எடுக்காமல் ஊருக்கு ஜன்னல் எடுத்தேன். மண்சுவரை இடித்துவிட்டு அதே இடத்தில், சித்தப்பா வீட்டுக்கு நேர் எதிரே, அவர் வீட்டைவிட ஒரு முழம் உயரமாகக் கட்டினேன். கொத்தனாரிடம் கயிறு பிடித்து அளக்கச் சொல்லி நானே நின்று பார்த்தேன். பால் காய்ச்சின அன்று சித்தப்பா வரவில்லை. அவர் வரவில்லை என்பதில் எனக்கு இருந்த சந்தோஷம், வந்தவர்களைப் பார்த்ததில் இல்லை. அம்மா அக்காளோடு கயத்தாறுக்குப் போய்விட்டாள். வீட்டைப் பூட்டிவிட்டு நாங்கள் திரும்பினோம்.

நான் ஒருவன் மட்டும் இப்படி என்று நினைக்கவேண்டாம். எங்கள் கம்பெனி கேன்டீனில் டீ நேரத்தில் போய் உட்கார்ந்தால் பேச்சு முழுக்க ஊர் வீடுதான். அருப்புக்கோட்டைக்காரர் ஒருவர் கூடத்துக்கு மொசைக் போட்டதைச் சொல்லுவார். திருவண்ணாமலைக்காரர் ஒருவர் மாடிப்படிக்குப் பித்தளைப் பிடி வைத்ததைச் சொல்லுவார். நான் தேக்குக் கதவைச் சொல்லுவேன். எல்லோரும் சொல்லி முடித்துவிட்டு அவரவர் ஷீட் வீட்டுக்கு, கக்கூஸ் வரிசையில் நிற்பதற்குப் போவோம். இதில் இருக்கிற பைத்தியக்காரத்தனம் யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் எல்லோரும் அதையே செய்துகொண்டிருந்தோம்.

பூட்டின வீட்டுக்குச் சோறு போடுவது குடியிருக்கிற வீட்டுக்குப் போடுவதைவிடக் கஷ்டம். வருஷத்துக்கு ஒருமுறை கோயில் கொடைக்குப் போனால் லீவு முழுக்க அந்த வீட்டுக்கு வேலை செய்வதில் போகும். தேக்கு நிலையில் கரையான். கூடத்தில் வௌவால் எச்சம். கொல்லையில் சீமைக்கருவை ஆள் உயரத்துக்கு. கிரில்லில் எவனோ ஆட்டைக் கட்டிவைத்திருப்பான். அவனோடு சண்டை போடுவேன். அக்காள் மகன் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடித்ததற்கு அவனை அடிக்கப் போய்விட்டேன். சுவர் பாழாகிவிடுமாம். யார் பார்க்கிற சுவர் அது? ஓசூரில் ரேடியோவில் தென்மாவட்டங்களில் பலத்த மழை என்று சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. என் தலைக்குமேலே இருந்த கூரை ஒழுகிக்கொண்டிருக்கும். அது எனக்குத் தெரியாது.

எங்கள் லைனுக்குச் சொந்தக்காரி நாகம்மா. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வாடகை கேட்கும்போது தமிழ். என் வயதுதான் இருக்கும். தொழிற்பேட்டைக்கு எடுத்த நிலத்தில் அவள் மாமனாருடைய நிலமும் போயிற்று. எங்கள் கம்பெனி பக்கத்தில் ஒரு கேட்டைக் காட்டி, அந்த வாட்ச்மேன் நிற்கிற இடத்தில்தான் எங்கள் கிணறு இருந்தது என்பாள். தினம் அந்த வழியாகப் போகும்போது கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். திட்டி முடித்ததும் அந்த வாட்ச்மேனிடமே வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொள்வாள். ஊர் வீடு கட்டி முடிந்த பிறகு, அவள் லைனுக்கு நாங்கள் குடிவந்த புதிதில் அவள் பாக்கியத்திடம் ஊர் விவரம் கேட்டாள். அங்கே எங்களுக்குப் பெரிய வீடு இருக்கிறது என்று இவள் பெருமையாகச் சொன்னாள். யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்க, யாரும் இல்லை, பூட்டிக் கிடக்கிறது என்று இவள் சொன்னாள். நாகம்மா முகம் மாறிவிட்டதாம். மறுநாள் வேப்பிலையும் ஒரு முடிகயிறும் கொண்டுவந்து எங்கள் நிலையில் கட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மூன்று மொழியைக் கலந்து ஏதோ சொன்னாள். நான் அது ஏதோ இந்த ஊர்ப் பண்டிகை என்று நினைத்து அவளுக்குத் தேங்காய் பழம் வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது, திருநெல்வேலிக்காரர் வீட்டில் பேய் இருக்கிறது, அதனால்தான் அவ்வளவு பெரிய வீட்டை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே ஓடிவந்திருக்கிறார்கள் என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். வேறு எந்தக் காரணத்துக்காக ஒரு மனுஷன் நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு ஒழுகுகிற வீட்டில் படுப்பான்? அவள் கணக்குக்கு அதுதான் சரியாக வந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அவளோடு சண்டைக்குப் போகப் புறப்பட்டேன். பாக்கியம்தான் நிறுத்தினாள். “அவ சொன்னதுல என்ன தப்பு? அந்த வீட்டுல பேய் இருக்கத்தான் செய்யுது. உங்க சித்தப்பா. உசுரோட இருக்கிற பேய்.”

நான் அவளோடு நாலு நாள் பேசவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி.

தொண்ணூறுகள் பிறந்து கொஞ்ச காலம் ஆனபோது அக்காள் ஒரு தகவல் அனுப்பினாள். சித்தப்பா மாடி போட்டுவிட்டார், மேலே ஒரு அறை, வண்ணக் கண்ணாடி வைத்த ஜன்னல். அதற்கு முந்தின இரண்டு வருஷமாக நான் ஊருக்குப் போகவில்லை. கம்பெனியில் ஸ்டிரைக், பிறகு அதை ஈடுகட்ட ஓவர்டைம். செய்தி கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. என் வீடு ஒரு முழம் உயரம் என்றிருந்தது போய், இப்போது ஒரு மாடி தாழ்ந்துவிட்டது. பி.எஃப். லோனுக்கு எழுதிப் போட்டேன். அதே வாரத்தில் நாகம்மா லைனுக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தை விற்கப்போவதாகவும், தெரிந்தவர்களிடம்தான் முதலில் கேட்பதாகவும் பாக்கியத்திடம் சொல்லியிருக்கிறாள். சின்ன இடம். இரண்டு அறை எழுப்பலாம். மேலே ஷீட் இல்லாமல் தளம் போடலாம். பாக்கியம் அதைச் சொன்னபோது நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. லோன் மாடிக்கு என்றேன்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. குழந்தைக்கு மேலே கட்டியிருந்த உரச்சாக்கின் ஒரு மூலை அவிழ்ந்திருந்தது, அதை எட்டிக் கட்டிக்கொண்டே சொன்னாள். “போட்டுக்கோங்க. போட்டுட்டு அந்த மாடியிலயே நீங்க இருங்க. நானும் பிள்ளையும் இங்க இருக்கோம். அவளுக்கு இங்கதான் பள்ளிக்கூடம், இங்கதான் ஆஸ்பத்திரி, இங்கதான் சேக்காளி. உங்க சித்தப்பா மூஞ்சியப் பாத்துக்கிட்டு நீங்க தனியாக் கிடங்க.”

அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. சொன்னதைச் செய்கிறவள் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் நான் சேலம் பஸ்ஸில் ஏறி, மதுரை போய், ஊர் போய்ச் சேர்ந்தேன். கோபம் இருக்கிறவனுக்குப் பொண்டாட்டி பிள்ளை கண்ணுக்குத் தெரியாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவேண்டாம். அந்தப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மாடிக்கு எந்த நிறத்தில் கண்ணாடி வைப்பது என்று யோசித்துக்கொண்டே போனவன் நான்.

கொத்தனாரைச் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தேன். நான் போய் இறங்கும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. என் வீட்டு வாசலுக்கு எதிரே, தெருவிலேயே, ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. அதில் சித்தப்பா படுத்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. நான் செருப்புச் சத்தத்தோடு அவரைத் தாண்டிப் போனேன், பேசக்கூடாது என்ற வைராக்கியத்தோடு.

“யாருடே அது? நடை புதுசா இருக்கே” என்றார்.

அவர் தலையை என் பக்கம் திருப்பினார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன், கண் இரண்டிலும் பால் விழுந்த மாதிரி வெள்ளை. சர்க்கரை முற்றி, ஆப்பரேஷன் செய்தும் சரியாகாமல், பார்வை போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். அக்காள் மாடியைப் பற்றிச் சொன்னாள், கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. மாடிதான் எனக்கு முக்கியம் என்று அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது.

முருகேசன் என்றேன். வேறு வழியில்லை.

“முருகேசனா? ஓசூர்லருந்து எப்ப வந்த? பிள்ளைக்கு இழுப்புன்னு சொன்னாங்களே, எப்படி இருக்கா?”

என் மகளுக்கு இழுப்பு என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் கேட்டு எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. இவர் யார் என் பிள்ளையைப் பற்றிக் கேட்பதற்கு? மாடி போட வந்திருக்கிறேன் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அந்த வார்த்தை அவர் நெஞ்சில் போய்த் தைக்கவேண்டும் என்று சொன்னேன்.

சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரே சந்தோஷம். “போடு, போடு. சீக்கிரம் போடு. உன் வீட்டு நிழல்லதான்டே நான் கிடக்கேன். மத்தியானம் முழுக்க என் வீடு அடுப்பா எரியுது. உன் வீட்டு நிழல் தெருவுக்கு வந்து சேர மணி நாலாகுது. மாடி போட்டா மூணு மணிக்கே வந்துரும்லா?”

நான் திரும்பி என் வீட்டைப் பார்த்தேன். சூரியன் அதற்குப் பின்னால் இருந்தது. தேக்குக் கதவும் பச்சைக் கிரில்லும் இருட்டாகத் தெரிந்தன. வீட்டின் நிழல் தெருவைத் தாண்டி நீண்டு, அவருடைய கட்டிலை மூடி, அவர் வீட்டு வாசற்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. எத்தனை வருஷத்து போனஸ், எத்தனை ராத்திரி ஷிப்ட், பாக்கியம் கட்டாத சேலை, எல்லாம் சேர்ந்து அந்த ஆளுக்கு ஒரு நிழலாகப் படுத்துக் கிடந்தது. ஒரு முழம் உயரமாக அளந்து கட்டினேன் அல்லவா, அந்த ஒரு முழமும் அவர் கால்மாட்டுக்கு உதவியிருக்கிறது.

கேட்கவேண்டியதைக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அக்காளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் அப்பாவை நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ஞாபகமில்லை என்று சொல்வார், சொன்னால் நன்றாகக் கேட்டுவிடலாம் என்று காத்திருந்தேன்.

“சொன்னேன். பொண்ணு பாக்க வந்தவங்கள உக்கார வைக்க ஒரு கூரை இல்லாதவனுக்கு மாப்பிள்ள என்னத்துக்குன்னு சொன்னேன்” என்றார், ஒரு எழுத்து பிசகாமல். “அதுக்கு முந்தின பொங்கலுக்கு உங்கப்பன் என்னைக் களத்துல வச்சு, கூலியாளுங்க பாக்க, செருப்பக் கழட்டி அடிச்சான். அது உனக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. அப்பா சொன்னதில்லை. எதற்கு அடித்தார் என்று கேட்டேன். அதற்கு முந்தின வருஷம் தான் ஒன்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். அது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் முந்தின வருஷத்துக்குப் போயிருக்கும். அவர் கையை நீட்டிக் கட்டில் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, “நிழல் நகந்துட்டு பாரு, தலைமாட்டுல வெயில் அடிக்கி. இந்தக் கட்டில ஒரு சாண் இழுத்துப் போடு” என்றார்.

இழுத்துப் போட்டேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கத்தில் வருகிற சிரிப்பு இல்லை, வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. சித்தப்பாவும் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தார். நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் முடிவு கட்டவேண்டாம். அன்றைக்கு மழையில் குடையோடு திரும்பி வந்த என் அப்பாவின் முகத்தை நான் மறக்கமாட்டேன், மறக்க எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் அதற்காகச் செங்கல் சுமக்க இனி என்னால் முடியாது. யார் பார்க்கவேண்டும் என்று கட்டினேனோ அவருக்குக் கண் தெரியவில்லை. அவர் போட்ட மாடியிலும் ஆள் இல்லை. பையன்கள் இரண்டு பேரும் திருப்பூரில். அடுப்பெரிக்கக் காய்ந்த பருத்திமாரை அடுக்கி வைத்திருக்கிறார்கள் வண்ணக் கண்ணாடிக்குப் பின்னால். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் காலி வீடுகள் ஒன்றுக்கொன்று உயரம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

கொத்தனார் வந்தார். மாடி இல்லை என்று சொன்னேன். ஆள் கூட்டி வைத்துவிட்டேனே என்று அவர் கோபப்பட்டார். நியாயமான கோபம். திட்டட்டும் என்று நின்று கேட்டுக்கொண்டேன். சித்தப்பாதான் கட்டிலில் இருந்தபடியே, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நாகர்கோயில் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் மாற்றலாகி வந்திருக்கிறது, வீடு கிடைக்காமல் தினம் கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறது, மாமியாரும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள் என்றார். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த டீச்சரைப் பார்த்துச் சாவியைக் கொடுத்தேன். வாடகை என்ன என்று அவர் கேட்டார். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் கொல்லையில் இருக்கிற சீமைக்கருவையை வெட்டச் சொல்லுங்கள் என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்படி ஒரு தூக்கம். திண்டுக்கல், கரூர் எது போனது என்று தெரியாது. சேலத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பினார்.

பாக்கியம் நம்பவில்லை. டீச்சர் என்று ஒருத்தர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு உள்ளே போய்ச் சோறு போட்டாள். அன்றைக்கு முட்டையும் பொரித்திருந்தாள் என்பதிலிருந்து நம்பிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

நாகம்மாவிடம் நிலம் பேசப் போனபோது அவள் ஒரு நிபந்தனை போட்டாள். தொரப்பள்ளிப் பக்கம் அவளுக்கு இன்னும் ஒரு துண்டு ராகி விளைகிறது. காயப்போட இடமில்லை, களமெல்லாம் கம்பெனிக்காரன் கொண்டுபோய்விட்டான், அதனால் நாங்கள் போடுகிற தளத்தின் மேல் வருஷா வருஷம் அவள் ராகி காயப்போடுவாள். எனக்குத் தலைக்கு ஏறியது. காசு கொடுத்து வாங்குகிற இடத்தில் இவள் என்ன பாத்தியதை கேட்பது என்று ஆரம்பித்தேன். அவள் பதிலுக்குத் தெலுங்கில் ஆரம்பித்தாள். நடுவில் தமிழுக்கு வந்து, “ஏம்பா, உன் மெத்தை மேல நீ என்னா பண்ணப்போறே? படுத்துப் பொரளப் போறியா? வெயில் சும்மாதானே போவுது, என் ராகி காஞ்சா உனுக்கு என்னா வலிக்குது?” என்று கேட்டாள்.

மெத்தை என்று அவள் சொன்னது மொட்டை மாடியை. என் வீட்டு நிழலைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார், வெயிலை இவள் கேட்கிறாள் என்று நினைத்ததும் தலைக்கு ஏறின கோபம் இறங்கிவிட்டது. பாக்கியம் சரி என்று சொல்லிவிட்டாள். ஊரில் இருக்கிற வீட்டில் பேய் போய்விட்டதா என்று நாகம்மா அவளிடம் ரகசியமாகக் கேட்டாளாம். போய்விட்டது, இப்போது டீச்சர் இருக்கிறார் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

இரண்டு அறைதான் எங்கள் வீடு. தேக்குக் கதவு இல்லை. ஆனால் மேலே தளம். முதல் குளிர்காலத்தில் விடியற்காலை எழுந்து மீனாவின் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக் கேட்டேன். இழுப்பு அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். குறைந்துவிட்டது. போர்வை காய்ந்திருந்தது. தை மாதத்தில் நாகம்மா ராகியைத் தளத்தில் பரப்பிவிட்டு, கோழி வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி மீனாவை உட்காரவைத்தாள். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது எனக்குப் பாதிதான் புரிந்தது. என் மகள் எனக்குப் புரியாத மொழியில் சிரிக்கிறாள். முன்பு என்றால் அதற்கும் ஒரு கோபம் வந்திருக்கும். இப்போது ரேடியோவில் தென்மாவட்டத்தில் மழை என்றால், நல்லது, கரிசல் நனையட்டும் என்று மட்டும் தோன்றுகிறது. இங்கே இன்னும் ஷீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஊரில் கிரானைட் பதிக்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். யார் பார்ப்பதற்காகக் கட்டுகிறீர்களோ அந்த ஆளுக்குக் கண் தெரிகிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

போன ஐப்பசியில் அக்காள் வீட்டு விசேஷத்துக்குப் போனவன் அப்படியே ஊருக்கும் போனேன். எங்கள் தெருவில் நுழையும்போது கட்டிலில் இருந்து சித்தப்பா, “யாரு, டீச்சர் வீட்டுக்கா?” என்று கேட்டார். ஆமாம், டீச்சர் வீட்டுக்குத்தான் என்றேன். குரலைக் கண்டுபிடித்துவிட்டு அவர் சிரித்தார். என் வீட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கிரில்லைத் தட்டிவிட்டு, கூப்பிடுகிற வரைக்கும் நின்றேன். டீச்சர் நாற்காலி எடுத்துப் போட்டார். கூடத்துச் சுவர் முழுக்க ஆணி. காலண்டர், குழந்தையின் சட்டை, மாமியாரின் ஜெபமாலை, ஒரு மருந்துப் பை. உத்தரத்துக் கொக்கியில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெய் வாசனை வந்தது, எங்கள் வீட்டு வாசனையே இல்லை. அந்த மாமியார் என்னை யாரோ இன்சூரன்ஸ்காரர் என்று நினைத்துவிட்டு, நாங்க ஏற்கெனவே போட்டாச்சு என்றார். டீச்சருக்குச் சங்கடமாகிவிட்டது. நான் காப்பியைக் குடித்துவிட்டு, பின்சுவரில் ஈரம் ஏறுவதைச் சரிசெய்யச் சொல்லிக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன்.

வாசல் தாண்டினதும் என் கை சட்டைப் பைக்குப் போனது. இத்தனை வருஷமும் இந்த வாசலைத் தாண்டினால் நான் திரும்பி நின்று பூட்டியிருக்கிறேன், பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்திருக்கிறேன். பையில் திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறைதான் இருந்தது. “நீங்க கிளம்புங்க சார், கதவ நான் போட்டுக்கிடுதேன். தொறந்து கிடந்தா ஆடு நுழைஞ்சிரும்” என்று டீச்சர் சொன்னார். தேக்குக் கதவு என் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நான் வாங்கிப் போட்ட தாழ்ப்பாள் அது. நல்ல கனமான பித்தளை. அதன் சத்தம் எப்படி இருக்கும் என்று வெளியே நின்று கேட்டது அன்றைக்குத்தான்.